குழந்தையோடு வருகிறவர்களுக்கு இடம் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளை ஏரிக்கரைக்கும் பூங்காவுக்கும் அழைத்துச் சென்று பறவை பார்ப்பது எப்படி என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பறவைகளைப் பற்றிக் கேட்டவை மிகக் குறைவு. சென்னையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தன்னார்வக் குழுக்கள் நடத்தும் இயற்கை நடைகளுக்குக் குழந்தையோடு போய், மனம் சுருங்கித் திரும்பிய பெற்றோர் எழுதியவையே அதிகம். அந்த நடைகளை நடத்துகிறவர்கள் சிலரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் பறவைகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவற்றைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: இரண்டரை வயது மகனுடன் ஓர் ஏரி நடைக்குப் போனேன். ‘குடும்பத்துடன் வரலாம்’ என்றுதான் அழைப்பில் இருந்தது. நடுவழியில் அவன் அழத் தொடங்கியதும், கேமராவோடு வந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, ‘போச்சு, பறந்துடுச்சு’ என்றார். அதன் பிறகு நான் போகவில்லை. அழுகிற குழந்தையை அழைத்துச் சென்றது என் தவறா, அம்மா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் தவறு சிறிதும் இல்லை. ஆனால் அந்தக் கேமராக்காரரையும் நான் முழுவதுமாகக் குற்றம் சொல்ல மாட்டேன். வாரம் முழுவதும் அலுவலகத்தில் அடைந்து கிடந்துவிட்டு, ஒரு மீன்கொத்திக்காக அரை மணி நேரம் அசையாமல் நின்றவர் அவர். அவருக்கும் உங்களுக்கும் ஒரே நடையை, ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் ஏற்பாடு செய்துவிட்டு, அழைப்பில் மட்டும் இரண்டு பேரையும் கூப்பிட்டவர்கள்தாம் இதற்குப் பொறுப்பு.

இதைச் சரியாகச் செய்கிற ஒரு வேலை சென்னைக் கடற்கரையிலேயே நடக்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், தன்னார்வலர்கள் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கிச் சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, முட்டைக் குழிகளைத் தேடி எடுத்து, பாதுகாப்பான பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். 1970-களில் தொடங்கிய இந்த நடையை 1988 முதல் ஒரு மாணவர் அமைப்பு தொடர்ந்து நடத்திவருகிறது. நள்ளிரவில் தொடங்கி விடியலை நெருங்கி முடிகிற அந்த நடைக்குக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது. போக முடியாது என்று சொல்வதால் யார் மனமும் புண்படுவதும் இல்லை. ஏனென்றால் 45 நாள், 50 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது, மாலை வெளிச்சத்தில் அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்க, முட்டிவலிக்காரப் பாட்டியும், தோளில் உட்கார்ந்த இரண்டு வயதுக் குழந்தையும், வேலை முடிந்து நேராக வந்த அப்பாவும் நிற்கிறார்கள். ஒரே பணிக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன; எந்த வாசல் யாருக்கு என்பது முன்கூட்டியே தெரிகிறது.

நீங்கள் போன குழுவிடமும் இதையே கேளுங்கள். மாதம் நான்கு நடைகள் நடக்கிறதென்றால், ஒன்றைக் குழந்தைகளின் கால் போகிற வேகத்துக்கு விடச் சொல்லுங்கள். இரண்டரை வயதுக் குழந்தைக்கு மூன்று கிலோமீட்டர் ஏரிக்கரை தேவையில்லை. ஒரு புங்க மரமும் அதன் அடியில் ஓர் எறும்பு வரிசையும் இருந்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். உங்கள் மகன் கூழைக்கடாவைப் பார்க்காமல் எறும்பைப் பார்த்தால் அன்றைய நடை வீண் என்று எண்ணுகிறவர், குழந்தைகள் வருகிற நடைக்குத் தலைமை ஏற்கக் கூடாது.

சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகப் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பறவை தன்னுடையது என்று குழந்தைக்குத் தோன்றிவிட்டால் அமைதி தானாக வரும். ‘உஷ்’ என்று அதட்டி வரவழைக்கிற அமைதி ஐந்து நிமிடம்கூட நிற்காது.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக எங்கள் பகுதியில் மாதந்தோறும் இலவச நடை நடத்துகிறோம். கட்டணம் இல்லை, யாரையும் வராதீர்கள் என்று சொல்வதில்லை. ஆனாலும் திருமணமாகாத இளைஞர்கள்தாம் தொடர்ந்து வருகிறார்கள். பெற்றோர் ஒரு முறை வருகிறார்கள்; இரண்டாம் முறை காணோம். நாங்கள் என்ன செய்யத் தவறுகிறோம்?
– ஒருங்கிணைப்பாளர், தாம்பரம்

பதில்: வந்த பெற்றோரில் ஒருவருடைய சனிக்கிழமை இரவை மட்டும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் நடை காலை 6 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். திருமணமாகாத உங்கள் உறுப்பினர் ஐந்தரைக்கு எழுந்து, முகம் கழுவி, வண்டியை எடுத்தால் வந்து சேர்ந்துவிடுவார். அந்த அம்மா நான்கு மணிக்கு எழ வேண்டும். பால் காய்ச்சி, குழந்தைக்கு ஏதாவது கட்டி, மாற்றுத்துணி எடுத்து, வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குக் காலை உணவுக்கு வழி செய்துவிட்டு, தூங்குகிற குழந்தையை எழுப்பி, அது சிணுங்க, ஆட்டோ பிடித்து வந்து சேரும்போது மணி 6.20 ஆகியிருக்கும், நீங்கள் கிளம்பிப் போயிருப்பீர்கள். கைப்பேசியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டீர்கள், பறவை மிரளும் என்று ஒலியை நிறுத்தி வைத்திருப்பீர்கள். இவ்வளவையும் தாண்டி ஒரு முறை வந்தவர் இரண்டாம் முறை வரவில்லை என்று நீங்கள் வியக்கிறீர்கள். அந்த ஒரு முறை வந்தாரே என்று நான் வியக்கிறேன்.

காலை ஆறு மணி என்பது காட்டுப் பறவைகளுக்குச் சரி. நீர்ப்பறவைகளுக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் தாழைக்கோழியும் நாமக்கோழியும் ஒன்பது மணிக்கும் அங்கேதான் மேய்ந்துகொண்டிருக்கும். வேடந்தாங்கலில், கூடு கட்டும் பருவத்தில், மாலையில் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து மரங்களில் இறங்குவதுதான் பார்க்க வேண்டிய காட்சி. அதைக் காணக் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதே இல்லை. எல்லா நடையையும் விடியலில் வைப்பதற்குப் பாதிக் காரணம் பறவைகள் என்றால், மீதிக் காரணம் நடத்துகிறவர்களின் வழக்கம்.

அடுத்தது கழிவறை. இதில் என் பழைய அறியாமையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் நடைகளை ஒருங்கிணைக்கத் தொடங்கிய காலத்தில், பாதையை முன்கூட்டியே போய்ப் பார்ப்பேன், எந்த மரத்தில் எந்தக் கூடு இருக்கிறது என்று குறித்து வைப்பேன். கழிவறை எங்கே என்று ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பெண்ணாக இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை, ஏனென்றால் முந்தைய இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு நாள், பிரசவமாகி ஐந்து மாதமே ஆன ஒரு பெண் நடைக்கு நடுவில் என் காதருகே வந்து, ‘அக்கா, இங்கே எங்கேயாவது…’ என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார். பக்கத்தில் ஒன்றும் இல்லை. சாலைக்குப் போய், திறந்திருந்த ஒரு கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. அவர் பிறகு வரவில்லை. பறவைப் பட்டியலில் அன்று 41 வகைகள் என்று எழுதி நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தோம்.

ஆகவே உங்கள் அழைப்பில் தேதி, இடம் ஆகியவற்றுக்கு அடுத்த வரியில் கழிவறை எங்கே, அது திறக்கும் நேரம் என்ன, அங்கே தண்ணீர் வருமா என்பதை எழுதுங்கள். கழிவறை இல்லாத பாதை என்றால் அதையும் எழுதுங்கள். தெரிந்தால் வருகிறவர் முடிவு செய்துகொள்வார். பாலூட்டுவதற்கும் இதே கணக்குதான். 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தபோது, வெளியில் வருகிற தாய்க்கு இப்படி ஓரிடம் வேண்டும் என்பது பொதுப் பேச்சாக ஆயிற்று. ஏரிக்கரையில் உங்களால் அறை கட்ட முடியாது; ஒரு மடக்கு நாற்காலியும், நிழலும், ‘பாலூட்ட வேண்டுமென்றால் இந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்போம்’ என்று தொடக்கத்திலேயே எல்லோர் காதிலும் விழும்படி ஒருவர் சொல்வதும் போதும். கேட்டால் கிடைக்கும் என்பது வேறு, கேட்காமலே இருக்கிறது என்பது வேறு. புதிதாக வந்த தாய்க்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

‘இலவசம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பாருங்கள். கார் இல்லாமல் சென்றடைய முடியாத ஏரியில் இலவச நடை வைத்தால், கார் இல்லாதவர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம்தான் அதன் கட்டணம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். அந்தப் பேருந்து நிற்கிற நிறுத்தத்தில் கூடுவது என்று வைத்துக்கொண்டால், வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணும் தன் மகளை அழைத்து வரலாம். கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய சிறுவர் பூங்கா போன்ற இடங்களுக்கு மின்ரயிலிலும் மெட்ரோவிலும் வந்துவிட முடியும். நகரத்துக்கு நடுவே புள்ளிமானையும் வெளிமானையும் வைத்திருக்கிற காடு உலகில் எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது? அதை விட்டுவிட்டு, ‘எளிதில் போய்விடக்கூடிய இடத்தில் என்ன சுவை’ என்று நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போகிறோம்.

இருநோக்கியும் (பைனாகுலர்) அப்படித்தான். சொந்தமாக வைத்திருப்பவர்கள் முன்வரிசையிலும், இல்லாதவர்கள் ‘எங்கே, எங்கே’ என்று கேட்டுக்கொண்டு பின்வரிசையிலும் நிற்கிற நடைகளை நிறையப் பார்த்துவிட்டேன். குழுவுக்கென்று மூன்று இருநோக்கிகள் வாங்குங்கள். முதலில் அவற்றைப் பெற்றோர் கையில் கொடுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். இது பலருக்கு விந்தையாகப் படும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரிய இருநோக்கியைக் கண்ணில் பொருத்திப் பிடிக்கவே வராது. அது எப்படியும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பஞ்சுருட்டானின் பச்சை நிறத்தைப் பார்த்து அம்மாவின் முகம் மாறுவதைக் கண்ட குழந்தை, அடுத்த மாதம் தானே நச்சரித்து அவரை அழைத்து வரும்.

கடைசியாக ஒரு சிறு கேள்வி. ஒரு முறை வந்து போன அந்தப் பெற்றோரின் பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கின்றனவா? குழந்தையின் பெயரைக் கேட்டிருப்பீர்கள், சட்டையில் ஒட்டியும் விட்டிருப்பீர்கள். கூட வந்தவர் ‘இன்னாருடைய அம்மா’ என்றுதான் அன்று முழுவதும் அழைக்கப்பட்டிருப்பார். பையைச் சுமக்கவும் தண்ணீர் கொடுக்கவும் வந்த துணையாளாக ஒருவரை நடத்தினால், அந்த வேலையை அவர் வீட்டிலிருந்தபடியே செய்துகொள்வார்.

கேள்வி: மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமையும் பணி. நான்கு வயது மகளுடன் நான்தான் நடைகளுக்குப் போகிறேன். குழுவின் செய்திகள் ‘அன்புள்ள அம்மாக்களே’ என்று தொடங்குகின்றன. நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. மகளைக் கழிவறைக்கு அழைத்துப் போவதும் பெரும்பாடாக இருக்கிறது.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ‘அம்மாக்களே’ என்பதை ‘பெற்றோரே’ என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது, தாத்தா, சித்தி, அத்தை என்று யார் யாரோ அழைத்து வருகிறார்கள் என்பதால், ‘குழந்தையோடு வருகிறவர்களே’ என்று எழுதினால் இன்னும் நல்லது. இதை நீங்களே ஒருங்கிணைப்பாளரிடம் தயங்காமல் சொல்லலாம்.

பேச்சு நின்றுவிடுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரசவம், தூக்கமின்மை, மாமியார் வீடு என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடம் அவர்களுக்கு வாரத்தில் அது ஒன்றாகவே இருக்கலாம். அதில் உங்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பது உங்கள் மேல் உள்ள வெறுப்பு ஆகாது. ஆனால் உங்கள் மகளின் கழிவறைத் தேவை அவர்கள் மனம் இளகும்வரை காத்திருக்க முடியாதது. நடை தொடங்கும்போதே, ‘பெண் குழந்தையோடு தனியாக வந்த அப்பாக்களுக்கு உதவ இன்று இருப்பவர் இவர், ஆண் குழந்தையோடு வந்த அம்மாக்களுக்கு உதவ இருப்பவர் இவர்’ என்று இரண்டு தன்னார்வலர்களைக் காட்டிவிடுகிற வழக்கம் ஒரு குழுவுக்கு இருக்க வேண்டும். எட்டு வயது மகனைப் பெண்கள் கழிவறைக்குள் கூட்டிப்போகவும் முடியாமல், தனியே ஆண்கள் பக்கம் அனுப்பவும் மனமில்லாமல் நிற்கிற அம்மாக்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அதைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், நின்றுபோன பேச்சு உங்களோடு தொடர வழியுண்டு.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் இருக்கிறது. தண்ணீரைக் கண்டால் ஓடிவிடுவான். ஒரு நடையில், ‘அவனைக் கட்டுப்படுத்தி வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்கள். மரங்களுக்கு நடுவே அவன் எவ்வளவு அமைதியாகிறான் என்பது எனக்குத்தான் தெரியும். எங்களுக்கு இத்தகைய குழுக்களில் இடம் உண்டா?
– ஓர் அம்மா, மயிலாப்பூர்

பதில்: இடம் உண்டு என்று நான் சொல்வதைவிடச் சட்டமே சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்கேற்பதை உரிமையாகவே பேசுகிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி ஏரிக்கரையில் நிற்பதால் உங்கள் மனம் லேசாகிவிடப் போவதில்லை. ஆகவே நடைமுறையைப் பேசுவோம்.

தண்ணீரை நோக்கி ஓடும் பிள்ளைக்கு ஏரி நடையை முதல் நடையாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வேலி உள்ள, வாசல் ஒன்றே உள்ள பூங்காவில் தொடங்குங்கள். ஒவ்வொரு மாதமும் புதிய இடத்துக்குப் போவதைப் பெருமையாக நினைக்கிற குழுக்களிடம், ஒரே பூங்காவில் ஒரே பாதையில் ஆறு மாதம் நடந்தால் என்ன என்று கேளுங்கள்; உங்கள் மகனுக்கு அந்தப் பழக்கம் நிம்மதி தரும், மற்ற குழந்தைகளுக்கும் ஒரே மரம் பூத்துக் காய்த்து இலையுதிர்ப்பதைப் பார்க்கக் கிடைக்கும். போகிற பாதையின் ஐந்தாறு படங்களை இரண்டு நாள் முன்பே அனுப்பச் சொல்லி மகனுக்குக் காட்டுங்கள். ஒருங்கிணைப்பாளருக்கு மூன்று வரி எழுதி அனுப்புங்கள்: அவனுக்கு எது பிடிக்கும், எது கலக்கத்தைத் தரும், அவன் ஓடினால் என்ன செய்ய வேண்டும். ஆட்டிசம் என்ற பெயரையும் அதன் விளக்கத்தையும்விட இந்த மூன்று வரிகள் ஒரு தன்னார்வலருக்குப் பயன்படும்.

குழுவின் பங்கு என்னவென்றால், அந்த ஒரு தன்னார்வலரை உங்களோடு நடப்பதற்கென்றே ஒதுக்குவது. ‘கட்டுப்படுத்துங்கள்’ என்பது எல்லாப் பொறுப்பையும் உங்கள் தலையில் போட்டுவிட்டு விலகிக்கொள்கிற சொல். ‘தண்ணீர்ப் பக்கம் நான் நடக்கிறேன், நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று ஒருவர் சொன்னால் போதும், பல மாதங்களுக்குப் பிறகு நீங்கள் தலை நிமிர்ந்து ஒரு மரத்தைப் பார்க்க முடியும். பாதியில் கிளம்பினால் யாரும் காரணம் கேட்காமல் கையசைத்து அனுப்பிவைக்கவும் வேண்டும்.

சக்கர நாற்காலியில் மகளை அழைத்து வரும் இன்னொரு தாயும் இதே போல எழுதியிருக்கிறார். மெரினாவில் கடல் அலைக்கு அருகில் வரை போகும் மரப்பாதை 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது, வாழ்நாளில் முதல் முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் அங்கே அழுதார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சீரமைத்தார்கள். ஆகவே அம்மா, எந்த இடத்துக்கும் கிளம்புவதற்கு முன், சாய்தளம் இருக்கிறதா என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்த வாரம் அது பயன்படுத்தும் நிலையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏற்பாடு செய்கிறவர் முந்தைய நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: பேரனை நான்தான் அழைத்துப் போகிறேன். நடையில் எல்லாம் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். பேரன் என்னிடம் ஏதாவது கேட்டால், சொல்லத் தெரியாமல் விழிக்கிறேன். படிக்காதவள் போய் நிற்கிற இடமா அது என்று தோன்றுகிறது.
– ஒரு பாட்டி, செங்கல்பட்டு

பதில்: உங்கள் கடிதத்தை நடை நடத்துகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நீங்கள் சிறு வயதில் வயல் வரப்பில் நடந்திருப்பீர்கள். கரிச்சானையும் செண்பகத்தையும் புத்தகம் பார்த்தா தெரிந்துகொண்டீர்கள்? மாட்டின் முதுகில் உட்கார்ந்து, இரட்டை வாலை ஆட்டிக்கொண்டு, பருந்தையே விரட்டுகிற அந்தக் கருப்புக் குருவியைப் பற்றி உங்களிடம் நான்கு கதைகளாவது இருக்கும். அந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது தெரியாததால் உங்கள் அறிவு குறைந்துவிடாது; உங்களிடம் கேட்கத் தோன்றாததால் நடைதான் குறைவுபட்டது.

தமிழ்ப் பெயர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் எளிதானவை. நத்தைகுத்தி நாரை என்ற பெயரிலேயே அது என்ன தின்னும், எப்படித் தின்னும் என்பது இருக்கிறது. பாம்புத்தாரா, உடலை நீருக்குள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதை ஒரு முறை பார்த்துவிட்ட குழந்தைக்கு அந்தப் பெயரை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. மரங்கொத்தி, மீன்கொத்தி, தாழைக்கோழி என்று பெரும்பாலான பெயர்கள் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள். நடத்துகிறவர் தமிழ்ப் பெயரை முதலில் சொல்லி, பிறகு ஆங்கிலப் பெயரைச் சொன்னால், ஆங்கிலம் மட்டும் அறிந்த இளம் பெற்றோரும் ஒன்றைக் கற்றுக்கொண்டு போவார்கள். ‘உங்கள் ஊரில் இதை என்ன சொல்வீர்கள்?’ என்று வந்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் சிறப்பு. ஊருக்கு ஒரு பெயர் வரும்; சண்டையும் வரும்; அது நல்ல சண்டை.

நடைக்கே போக மனமில்லாத வாரங்களில் மொட்டை மாடி இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடியிலோ, தெருமுனைக் குளத்திலோ, குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் குறித்து, இணையத்தில் பதிவு செய்தால் போதும். பதிவு செய்கிற வேலையைப் பேரனின் அப்பாவோ அம்மாவோ பார்த்துக்கொள்ளட்டும். அடையாளம் சொல்கிற வேலை உங்களுடையது. வீட்டை விட்டு நகர முடியாத கைக்குழந்தைக்காரிகளுக்கும் நான் இதைத்தான் முதலில் சொல்வது வழக்கம்.

கேள்வி: ஏழு வயது மகனோடு மலையேற்றம் போக ஆசை. பாதுகாப்பைப் பற்றிக் குழுவில் இரண்டு கேள்வி கேட்டதற்கு, ‘இவ்வளவு பயந்தால் வீட்டிலேயே இருங்கள்’ என்று ஒருவர் எழுதினார். அதிகம் கேட்டுவிட்டேனா?
– வாசகர், மதுரை

பதில்: போதுமான அளவு கேட்கவில்லை என்று சொல்வேன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்து, அவற்றை எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று பிரித்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக நியமித்திருக்கிறது. முதல் முறைக்கு அவற்றில் எளிய பாதை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சிறுவர்களுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள்.

எந்தக் குழுவோடு போனாலும், வன அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டிகள், கைப்பேசி எங்கே வரை எடுக்கும், பக்கத்து மருத்துவமனை எது, கடைசியில் யார் நடப்பார் என்றும் கேளுங்கள். குழந்தையை வைத்திருக்கிறவர் கேட்கிற கேள்விகள் மற்ற எல்லோருடைய உயிரையும் சேர்த்தே காக்கும். அவற்றைக் கேலி செய்கிற குழுவோடு குழந்தை இல்லாதவர்களும் போகாமல் இருப்பது நல்லது.

கேள்வி: நடை முடிந்ததும் பெற்றோர் உடனே கிளம்பிவிடுகிறார்கள். பழகுவதற்கே வழியில்லை. ஆளுக்கு ஒரு பண்டம் சமைத்துக் கொண்டுவந்து கூட்டாகச் சாப்பிடலாம் என்று அறிவித்தோம்; வருகிறவர் எண்ணிக்கை இன்னும் குறைந்துவிட்டது!
– வாசகி, காஞ்சிபுரம்

பதில்: குறையாமல் எப்படி இருக்கும்? காலை நான்கு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவரை மூன்று மணிக்கு எழச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் அறிவிப்பில் ‘ஆளுக்கு ஒரு பண்டம்’ என்று இருந்தாலும், வீடுகளில் அது யாருக்கான வேலையாக இறங்கியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் உடனே கிளம்புவதற்கும் காரணம் அதுதான். ஒன்பதரைக்கு வீட்டுக்குப் போனால்தான் பத்தரைக்கு அடுப்பில் சாதம் வைக்க முடியும்.

நடை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சிற்றுண்டிக் கடையில் முந்தைய நாளே சொல்லிவைத்து, இட்லியும் பொங்கலும் பொட்டலமாக வாங்கி, ஆளுக்கு உண்டான காசைப் பிரித்துக்கொள்ளுங்கள். முடியாதவரிடம் கேட்காமல் விட்டுவிடுங்கள். மதியத்துக்கும் இரண்டு பொட்டலம் எடுத்துப் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள், பதினோரு மணிவரை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் பொறுக்கிப் பையில் கட்டுகிற வேலை மட்டும் அப்பாக்களுடையது என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.